என்டருக்கு முன் இரண்டு தட்டு

சாவியை என் கையில் கொடுக்கும்போது மேனேஜர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"படிக்கிறதுக்கு இதைவிட அமைதியான இடம் கிடைக்காதும்மா. ஈ காக்கா வராது."

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம் அது. லிஃப்ட் அங்கே வராது, கடைசி இருபது படிகளை இறங்கித்தான் போக வேண்டும். ஒரு பக்கம் சலவை அறை. எதிரே பழைய எக்ஸ்ரே ஃபிலிம்களை உறை உறையாக அடுக்கிய கிடங்கு. கோடியில் அந்த அறை. ஜன்னல் கிடையாது. காலை பத்து மணிக்கும் ட்யூப்லைட் போட்டால்தான் கை தெரியும். கதவைத் திறந்ததும் தலைவலித் தைலத்தின் வாடை மூக்கில் ஏறியது. ஏழு மாதம் பூட்டிக் கிடந்த அறைக்குள் யார் தைலம் தடவினார்கள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நான் அந்த ஆஸ்பத்திரியின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்பவள். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவரை எல்லோரும் 'பேக்கப்பு' என்றுதான் கூப்பிடுவார்களாம். எதிரே வருகிறவரிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்காமல், பேக்கப் எடுத்தாச்சா என்று கேட்கிற மனிதர். ஒரு புதன்கிழமை காலை 11:20க்கு, யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற பட்டியல் மொத்தமாக அழிந்துபோனது. வார்டுக் காகிதங்களைப் பார்த்துக் கையால் திரும்ப ஏற்றும்வரை, நாற்பது நிமிடம் எல்லா வார்டிலும் அந்தக் கட்டம் காலி. அந்த நாற்பது நிமிடத்துக்குள் ஒரு பெண்ணுக்கு ஒத்துக்கொள்ளாத ஊசியைப் போட்டுவிட்டார்கள். இருபத்தாறு வயது. பிழைக்கவில்லை. அன்று மாலையே பேக்கப்பும் இந்த அறையில், இதே நாற்காலியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

"அவன்தான் அழிச்சான். பேக்கப்பும் எடுத்து வைக்கல," என்றார் மேனேஜர். "அடுத்த வெள்ளிக்கிழமை விசாரணைக் கமிட்டி கடைசியா உட்காருது. அவன் பேர்ல எழுதி ஃபைலை மூடிடுவாங்க. அவனுக்குத்தான் அந்தப் பெரிய பரீட்சை எழுதக் கொடுத்து வைக்கல. நீயாவது பாஸ் பண்ணு."

நானும் அந்த ஆளைத் திட்டினேன். வாய்விட்டே திட்டினேன். ஒரு உயிர் போயிருக்கிறது, திட்டாமல் கொஞ்சவா முடியும்?

அந்தப் பரீட்சை எட்டு மணி நேரம். ஒரு டேட்டாபேஸைக் கொடுத்து, அவர்களே அதை வேண்டுமென்றே உடைப்பார்கள். ஒரு வரி குறையாமல் நாம் மீட்க வேண்டும். மூன்றாம் மணி நேரத்திலேயே எழுந்து போன கெட்டிக்காரர்கள் உண்டு. அதற்குப் பயிற்சி என்றால், தினமும் ஒரு நகலை உடைப்பதும் ஒட்டுவதும்தான். "உடைக்கிறதுக்கு ஒரு பரீட்சையா? நம்ம ரெண்டு வயசுப் பொண்ணு எழுதினா முதல் ரேங்க்," என்றார் வீட்டுக்காரர்.

நான்கு நாள் நன்றாகவே போயிற்று. ஐந்தாம் நாள் மேனேஜர் கூப்பிட்டு, பயிற்சி நகலை வேறு மெஷினுக்கு மாற்றிவிட்டதாகச் சொல்லி, புது முகவரியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார். கீழே வந்து அதைப் போட்டு உள்ளே நுழைந்தேன். அன்றைய பயிற்சி, ஒரு பட்டியலை அழித்துவிட்டு மீட்பது. ஒவ்வாமைப் பட்டியலையே எடுத்துக்கொண்டேன். அழிக்கும் கட்டளையை அடித்து முடித்தேன்.

ஸ்கிரீன் சிவப்பாகியது.

முழுத் திரையும், விளிம்பு வரைக்கும் சிவப்பு. எரிச்சல் வந்தது. அந்த மனுஷன் விட்டுப்போன கிறுக்குத்தனம் எதுவோ என்று நினைத்து, கருப்புக்கு மாற்றினேன். என்டர் மேல் விரலை வைத்தேன்.

மறுபடி சிவப்பு.

"செத்தும் கழுத்தறுக்கிறியே," என்று கத்தியே விட்டேன். மூன்றாம் முறை கருப்பாக்கினேன்.

டக். டக்.

என் வலது பக்கம். மேஜை மேல். விரல் முட்டியால் தட்டுகிற சத்தம்.

அங்கே யாரும் இல்லை. சலவை மெஷின்கள்கூட ஓடவில்லை. தைல வாடை, யாரோ என் தோளுக்கு மேல் குனிந்து பார்ப்பது போல, சூடாக வந்தது. திரை தானாகச் சிவந்தது. என் விரல் என்டரிலிருந்து ஒரு நூல் தூரத்தில் நின்றது.

எந்த மெஷினில் இருக்கிறேன் என்று பார்த்தேன்.

அது பயிற்சி நகல் இல்லை. லைவ், நோயாளிகளின் நிஜ டேட்டாபேஸ். கடைசி நோயாளி சேர்ந்து மூன்று நிமிடம்தான் ஆகியிருந்தது. குழந்தைகள் வார்டு, நான்கு வயது.

மேனேஜருக்குப் போன் போட்டேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"ஓ, ஒரு நம்பர் மாறிடுச்சா? சாரிம்மா. ஒண்ணும் ஆகலல்ல? விடு."

விடு! முகவரியைச் சரிபார்க்காதது என் தப்பு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இன்னொரு நாற்பது நிமிடம் வந்திருக்கும். இன்னொரு உயிர் போயிருக்கும். இந்த மனிதர் 'விடு' என்கிறார். அப்போதுதான் எனக்குள் ஒன்று உறைத்தது. இவர் நம்பர் மாற்றுவது இது முதல் தடவையா?

பேக்கப்பின் மனைவி அதே ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடியில் நர்ஸ். முதுகுக்குப் பின்னால் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டே ஏழு மாதமாக வேலைக்கு வருகிறவள். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவளை நிறுத்தினேன்.

"அக்கா, அவர் ஸ்கிரீனைச் சிவப்பா வச்சிருப்பாரா?"

வண்டி நின்றது. "லைவ்னா எப்பவும் சிவப்பு. நகல்னா கருப்பு. எதையாவது அழிக்கிறதுன்னா, என்டருக்கு முன்னாடி மேஜையை ரெண்டு தட்டு தட்டுவார். கலரைப் பாருன்னு தனக்குத்தானே சொல்லிக்கிறதாம். வீட்டுல லைட் ஆஃப் பண்ணக்கூட அப்படித்தான் தட்டுவார், நான் கிண்டல் பண்ணுவேன்." அவள் குரல் இறங்கியது. "மேனேஜருக்குச் சிவப்பு கண்ணைக் கூசுதுன்னு, அவர் ரூம் கம்ப்யூட்டர்ல மட்டும் கருப்பா மாத்த வச்சாங்க. அந்த வாரம்தான் இப்படி ஆச்சு. ஆமா, சிவப்பைப் பத்தி உனக்கு யார் சொன்னது?"

 அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அன்னைக்கு மத்தியானம் போன் பண்ணார். 'எல்லாம் எடுத்து வச்சிருக்கேன், யார் பண்ணதுன்னு காட்டிடறேன்'னார். அந்த ரூம்ல ஒண்ணுமே கிடைக்கலைன்னு சொல்லிட்டாங்க."

அந்த ரூமில் கிடைக்காதுதான். பேக்கப்பை டேட்டாபேஸ் இருக்கிற அறையிலேயே வைப்பவன் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லை, அறை எரிந்தால் இரண்டும் சேர்ந்து எரியும். பரீட்சைக்கு நான் படித்த முதல் பாடமே அதுதான். தேடியவர்களுக்கு அது தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆளான மேனேஜர் தேடவிடவில்லை.

எதிரே எக்ஸ்ரே கிடங்கு. வேலை முடிந்த பிறகெல்லாம் தேடினேன். வியாழக்கிழமை மாலை, கீழ் அடுக்கில், 'புதன்' என்று எழுதிய ஒரு ஃபிலிம் உறை கிடைத்தது. உள்ளே உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்க். முழு பேக்கப்பும், அழிந்த நிமிடத்தின் பதிவுகளும் அதில் இருந்தன. உறையெல்லாம் தைல வாடை.

வெள்ளிக்கிழமை காலை, மேலே கமிட்டி உட்கார்ந்த நேரத்தில், நான் கீழே மீட்கும் வேலையைத் தொடங்கினேன். இனி எந்தத் துண்டுச் சீட்டையும் நம்புவதாக இல்லை. இந்த மெஷினிலிருந்து வெளியே எதுவும் போகாதபடி, முதல் வேலையாக நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினேன். அக்கா டியூட்டியை மாற்றிக்கொண்டு வந்து கதவருகே நின்றாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக அந்த அறைக்குள் வந்திருக்கிறாள். வந்ததும் மூச்சை ஆழ இழுத்தாள்.

11:14க்கு மீட்பு முடிந்தது. பதிவில் தேடினேன். ஒரே ஒரு வரி.

புதன், 11:20. பட்டியல் முழுதும் அழிப்பு. லாகின், மேனேஜர். கம்ப்யூட்டர், மேனேஜர் அறை.

அக்கா அதை மூன்று தடவை வாசித்தாள். "பாவி," என்றாள். "பாவி, பாவி. என் புருஷன் சாவுக்கு மாலை வேற போட்டானே."

படியில் செருப்புச் சத்தம். மேனேஜர். கையில் ஒரு தாள்.

"பேக்கப் எதுவும் இல்லைன்னு ஒரு கையெழுத்து போடும்மா. கமிட்டி கேட்குது." பிறகுதான் திரையைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "இது எங்கிருந்து வந்துச்சு? அழி."

"முடியாது."

"நகலைத்தானே அழிக்கச் சொல்றேன்? எந்திரி!"

"நீங்க அழிச்சதுக்கு அவரைப் பலி கொடுத்தீங்க," என்றேன். "ஒரு பொண்ணு செத்திருக்கா சார். ஒரு நிமிஷம் முன்னாடி சொல்லியிருந்தா அந்த ஊசியை நிறுத்தியிருப்பாங்க. நாற்பது நிமிஷம் வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்க!"

அவர் என் நாற்காலியைப் பிடித்து இழுத்தார். நான் சுவரில் மோதினேன். அவர் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார். கட்டளையை அடித்தார். திரை கருப்பாகத்தான் இருந்தது.

டக். டக்.

"யாரு தட்டுறது?"

 அக்கா இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் என்டரை அழுத்தினார்.

திரை சிவந்தது. வரி மறைந்து, திரும்ப வந்தது. அதற்குக் கீழே புதிதாக இன்னொரு வரி. வெள்ளி, 11:20. அழிப்பு. லாகின், மேனேஜர். அவர் அந்த மெஷினில் தன் லாகினைப் போடவே இல்லை.

மறுபடி அழுத்தினார். மூன்றாவது வரி. மறுபடி. நான்காவது. அவர் கத்திக்கொண்டே அடித்தார், அது எழுதிக்கொண்டே போனது. ட்யூப்லைட் அணைந்தது. சுவர், எங்கள் கைகள், அவர் முகம், எல்லாம் அந்தச் சிவப்பில் நனைந்திருந்தன. அவர் விரலை எடுக்கப் பார்த்தார்.

விரல் வரவில்லை.

அவர் கையின் மேல் யாரோ கை வைத்து அழுத்துவது போல, மணிக்கட்டின் தோல் நான்கு இடத்தில் குழிந்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

என் போன் அடித்தது. மூன்றாம் மாடி. "ஏன் எல்லா ஸ்கிரீனும் சிவப்பா இருக்கு? மேனேஜர் பேரா வந்துக்கிட்டே இருக்கே?" வைப்பதற்குள் மருந்துக் கவுன்ட்டர். அடுத்தது கமிட்டி அறை.

நான் மேஜைக்கு அடியில் பார்த்தேன். கேபிள் பிடுங்கிப் போட்ட இடத்திலேயே கிடந்தது.

ஃபைலில் பெயர் மாறியது. அக்கா பெயர் மாறிய அந்தப் பக்கத்தின் நகல் ஒன்றை வாங்கி, மடித்து யூனிஃபார்ம் பையில் வைத்துக்கொண்டாள். இப்போதும் அது அங்கேதான் இருக்கிறது. திங்கட்கிழமை நான் பரீட்சை எழுதினேன். ஆறாம் மணி நேரத்தில், தூக்கக் கலக்கத்தில் திரையில் தவறான ஜன்னலில் என்டரைத் தொடப்போனபோது, மேஜை இரண்டு தடவை அதிர்ந்தது. கையை எடுத்துக்கொண்டேன். பாஸ்.

மேனேஜருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ராஜினாமா கொடுத்தார், பூங்கொத்து கொடுத்து அனுப்பினார்கள். இரண்டே மாதத்தில் இதைவிடப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், இதைவிடப் பெரிய நாற்காலி. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

நேற்று பகல் பதினொன்றரைக்கு முன்னால் ஒரு போன். தெரியாத நம்பர், சின்ன வயதுப் பெண் குரல்.

"மேடம், நீங்க அந்தப் பெரிய பரீட்சை பாஸ் பண்ணவங்கன்னு சொன்னாங்க. நானும் அதுக்குத்தான் படிக்கிறேன். ஒரு சின்ன டவுட். நகல்ல பிராக்டிஸ் பண்றேன், ஸ்கிரீன் தானா சிவப்பாகுது. எப்படிக் கருப்பாக்குறது?"

நான் எழுந்தே விட்டேன்.

"அட்ரஸ் யார் கொடுத்தது?"

"புது மேனேஜர்தான். துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்தார்."

"மாத்தாதே," என்றேன். "என்டர்ல இருந்து கையை எடு. இப்பவே எடு!"

"எடுத்துட்டேன் மேடம். ஏன் கத்துறீங்க?"  பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"மேடம், ரூம்ல நான் மட்டும்தான் இருக்கேன். யாரு மேஜையைத் தட்டுறது?"