இளகாத ஐஸ் பை

அவள் கண் விழித்தபோது வயிற்றின் மேல் வைத்த ஐஸ் பை இன்னும் கல் மாதிரி இறுகியிருந்தது. அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. வைக்கும்போது சன்னலில் உச்சி வெயில். இப்போது சுவரில் அந்தி மஞ்சள். உடம்புச் சூட்டுக்கு அந்தப் பை அரை மணி தாங்காது, பிசைந்த மாவு போல இளகிவிடும்.

"நேரா தோல்ல வைக்காதம்மா. துணியில சுத்தி, தையலுக்கு மேல வச்சு, வயித்து பெல்ட்டைப் போட்டுக்க. கொஞ்ச நேரத்துல எடுத்துடு. மரத்துப்போன இடத்துல என்ன நடந்தாலும் தெரியாது" என்று சிசேரியன் முடிந்து வீட்டுக்கு விடும்போது நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள்.

குளிர் பட்டால் இரத்தக் குழாய்கள் சுருங்கும், வீக்கம் வடியும், வலியைச் சுமந்து ஓடும் நரம்புகள் சோம்பிவிடும். வலி அங்கேயேதான் இருக்கும், செய்தி மட்டும் வந்து சேராது. மாத்திரை போட்டால் அடித்துப்போட்ட மாதிரி தூக்கம் வருகிறது, குழந்தை அழுதாலும் கேட்பதில்லை. அந்தப் பயத்தில்தான் அவள் ஐஸைப் பிடித்துக்கொண்டாள். வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், எழுந்து ஓட?

தொட்டிலில் குழந்தை தூங்கியது. பால் வாசனை, மருந்து வாசனை, மின்விசிறியின் கிறீச்.

யாரோ பையை மாற்றியிருக்க வேண்டும். கணவனுக்குப் போன் போட்டாள். அவன் பஸ் ஓட்டுபவன்.

"ஏங்க, மத்தியானம் வீட்டுக்கு வந்தீங்களா?"

"ஆமா, பஸ்ஸை நடுரோட்டுல நிறுத்திட்டுப் பறந்து வந்தேன். ஏம்மா?"

"ஐஸ் பை இளகவே இல்லை."

"நல்ல கம்பெனி போல. எனக்கு ஒண்ணு வாங்கி வை, இஞ்சின் சூடு தாங்கல." பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். "வந்துடறேன், படுத்துக்க."

படுக்கவில்லை. தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து, காலைத் தேய்த்துத் தேய்த்துச் சமையலறைக்குப் போனாள். இருக்கிற பைகள் இரண்டே இரண்டு. ஒன்று வயிற்றில் என்றால், மற்றது பிரிட்ஜில் இருக்க வேண்டும்.

ஃப்ரீசரைத் திறந்தாள். வெள்ளைப் புகை முகத்தில் அடித்தது.

இரண்டு பைகளும் உள்ளே இருந்தன. அருகருகே. உறைபனியோடு ஒட்டிக்கொண்டு.

பெல்ட்டுக்குள் குளிர் அப்படியே இருந்தது. கனமாக. பிரசவம் முடிந்ததும் நர்ஸ் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தாளே, அதே மாதிரி, பதமாக, அது அவளை அழுத்தியது.

பெல்ட்டைப் பிய்த்தாள். மடித்த துண்டு தரையில் விழுந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

குளிர் அவளை விட்டு இறங்கியது. பாதத்தைத் தொட்டது. கடந்து போனது.

அறையில் குழந்தை அழுதது. பாதி அழுகை. நின்றுவிட்டது.

ஓட முடியவில்லை. சுவர். கதவுநிலை. இன்னும் ஒரு எட்டு. தையலில் ஏதோ சுருக்கென்றது, தொடையில் வெதுவெதுப்பாக இறங்கியது.

தொட்டில்.

புழுங்கும் அந்த அறையில் குழந்தையின் வாயிலிருந்து மூச்சு வெள்ளைப் புகையாக வந்துகொண்டிருந்தது. அதன் நெஞ்சில், சட்டைத் துணி ஐந்து விரல் அகலத்துக்குக் குழிந்து எழுந்தது, குழிந்து எழுந்தது. தட்டித் தூங்கவைக்கும் நிதானத்தோடு. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் ஆழமாக.