கிளாக் தடுமாறிய வெள்ளிக்கிழமை

லக்சிகா கதிரையில் உட்காரவில்லை. ஆறு மாத வயிற்றோடு வாசலிலேயே நின்று கடிதத்தை நீட்டினாள்.

"அங்கிள், பிரஷாந்தனை வேலையால நிப்பாட்டிப் போட்டினம். பொய் ரிப்போர்ட் எழுதினவராம். எங்கட விசாவுக்கு அந்தக் கொம்பனிதான் ஸ்பொன்சர். இப்பிடி ஒரு பேரோட அவரை வேற ஆர் எடுப்பினம்?"

வெளிநாட்டுப் புறநகரான ரோவிலில் தன் வீட்டுக் கராஜையே பட்டறையாக்கி, மின்னணுச் சாதனங்கள் ஏன் பழுதாயின என்று காப்புறுதி நிறுவனங்களுக்குக் கண்டுபிடித்துச் சொல்வது இந்திரகுமாரின் தொழில். கடிதத்தை அவர் நிதானமாக இரண்டு முறை படித்தார். அதற்குள் அவருடைய உதவியாளர் யாமினி லாப்டாப்பைத் திறந்து கேள்விகளை அடுக்கத் தொடங்கிவிட்டாள். மதுரைப் பெண், பொறுமைக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம்.

விஷயம் இதுதான். லக்சிகாவின் கணவன் பிரஷாந்தன், கிருஷ்ணசாமி நடத்தும் சிறு கம்பெனியில் பொறியாளன். அங்கே உருவான புதிய மின்சுற்றுப் போர்டு வினாடிக்குப் பல நூறு கோடி பிட்டுகளை அனுப்ப வேண்டியது. அத்தனை வேகத்துக்கும் தாளம் போட்டுக் கொடுப்பது ஓர் அரிசி அளவேயான கிரிஸ்டல். கிளாக் எனப்படும் அதன் துடிப்பைப் பெருக்கித்தான் மற்ற எல்லாமே ஓடும். அது சற்று நடுங்கினால் நடுக்கமும் சேர்ந்தே பெருகும். புதன்கிழமை பிரஷாந்தன் சோதித்து, கிளாக் சுத்தம் என்று ரிப்போர்ட் எழுதினான். வியாழன் மனைவியின் ஸ்கேனுக்காக லீவு. வெள்ளிக்கிழமை கிருஷ்ணசாமியே போர்டை எடுத்துப்போய் வாடிக்கையாளர் முன் ஓட்ட, கிளாக் தடுமாறி எல்லாம் நின்றது. அன்று மாலையே, பொறியாளன் பொய் ரிப்போர்ட் எழுதிவிட்டான் என்று வாடிக்கையாளருக்கு அவர் மின்னஞ்சல் அனுப்பினார்.

மறுநாள் எல்லோரும் கம்பெனிக்குப் போனார்கள். இந்திரகுமாருடன் கோயில் பழக்கம் என்பதால் கிருஷ்ணசாமியால் மறுக்க முடியவில்லை. சோதனை அறையில் ஆஸிலாஸ்கோப், சால்டரிங் அயர்ன், பிரிண்டர் தொடங்கிக் காப்பி மெஷின் வரை சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன.

"வியாழக்கிழமை ஆயுத பூஜை. புதுப் போர்டு நல்லபடியா ஓடணும்னு இந்த வருஷம் கொஞ்சம் விசேஷமாவே பண்ணினோம்," என்றார் கிருஷ்ணசாமி. "பொட்டெல்லாம் நானே வச்சேன். ஒண்ணையும் விடமாட்டேன்."

யாமினி போர்டை நுண்நோக்கியின் கீழ் வைத்தாள்.

"சார், போர்டு முழுக்க சால்டர் பண்ணின பிசின் படிஞ்சிருக்கு. கிரிஸ்டலைச் சுத்தி மட்டும் பளபளன்னு இருக்கு!"

"பிரஷாந்தன் துடைச்சிருப்பான்," என்றார் கிருஷ்ணசாமி.

"நான் துடைக்கேல்லை," என்றான் சுவரோரம் லக்சிகாவுடன் நின்ற பிரஷாந்தன்.

இந்திரகுமார் காப்பி மெஷினைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "யாமினி, அந்தக் கிரிஸ்டலைக் கழட்டும்."

கழற்றும் கருவியின் சூடான காற்றுப் பட்ட சில வினாடிகளில் அறையில் சந்தன வாசனை எழுந்தது. கிரிஸ்டலுக்கு அடியில், இரண்டு முனைகளுக்கும் நடுவே மஞ்சளாக ஒரு படலம் இருந்தது. கிருஷ்ணசாமி மெல்ல உட்கார்ந்தார்.

"கோப்பி மெஷினுக்கே பொட்டு வச்ச மனிசன்," என்றார் இந்திரகுமார், "பூசையே எந்தப் போர்டுக்காகவோ, அதை விட்டிருப்பாரோ? கிரிஸ்டலின்ர உலோக மூடியிலதான் வச்சிருக்கிறார். அதால ஒரு பாதகமும் இல்லை."

"அப்புறம் எப்படி சார் கெட்டுச்சு?"

"வெள்ளிக்கிழமை காலமை, வெள்ளைக்காரன் பாக்கப்போறான் எண்டு வெக்கம் வந்திட்டுது. அல்கஹோல் போட்டுத் துடைச்சிருக்கிறார். சந்தனம் கரைஞ்சு மூடிக்குக் கீழ ஓடி ரெண்டு முனையையும் தொடுத்துப்போட்டுது. ஈரத்துக்குள்ளால மின்சாரம் கசிய, கிரிஸ்டல் எப்பிடி ஒழுங்காத் துடிக்கும்? புதன்கிழமை ரிப்போர்ட் உண்மை. உங்களுக்கு எப்ப விளங்கினது கிருஷ்ணசாமி?"

"அங்கேயே. போர்டு சூடானதும் வாசனை வந்துச்சு," என்றார் அவர் தரையைப் பார்த்து. "சந்தனம் வச்சேன்னு அவங்ககிட்ட எப்படி சார் சொல்றது? காட்டுமிராண்டின்னு நினைக்கமாட்டாங்களா? இவனுக்கு வயசு இருக்கு, வேற வேலை கிடைச்சிரும்னு..."

சாமி கும்பிட்டதைச் சொல்லக் கூசிய மனிதருக்கு, ஒரு குடும்பத்தை நாட்டை விட்டே துரத்தக் கூசவில்லை. அதுவும் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது! நல்லவர் என்றுதான் ஊரில் அவருக்குப் பெயர்.

சற்று நேரத்தில் அவருக்குத் தெம்பு வந்துவிட்டது. "நடந்தது நடந்துபோச்சு. திங்கள்கிழமை வேலைக்கு வரட்டும். விசா அப்படியே இருக்கும். கவனக்குறைவா சோதிச்சேன்னு மட்டும் ஒரு கையெழுத்து போட்டுக் குடுக்கட்டும். பழைய மெயிலை என்னால மாத்த முடியாது."

"அநியாயம் சார் இது!" யாமினி கத்தினாள். "ஆதாரம் நம்ம கையில இருக்கு. கஸ்டமருக்கு நானே எழுதறேன்."

"வேண்டாம் யாமினி," என்றான் பிரஷாந்தன். "உண்மை தெரிஞ்சா அவங்கள் கொன்ட்ராக்டை விட்டிடுவாங்கள். அதோட கொம்பனியும் போயிடும். பிறகு எனக்கு ஆர் ஸ்பொன்சர்?"

யாமினி இந்திரகுமாரைப் பார்த்தாள். அவர் கழற்றிய கிரிஸ்டலை ஒரு சிறு பைக்குள் போட்டு மூடினார்.

லக்சிகா கணவனின் சட்டையைப் பிடித்தாள். "நீங்கள் பொய் எழுதேல்லை எண்டு காட்டத்தானே நான் அலைஞ்சனான்?"

பிரஷாந்தன் அவள் விரல்களை மெதுவாக விலக்கினான். கிருஷ்ணசாமி நீட்டிய தாளைப் படிக்காமலே கையெழுத்திட்டான்.

"திங்கட்கிழமை எத்தினை மணிக்கு வரவேணும் சேர்?" என்று கேட்டான்.