பேச்சு மட்டும் வராத படம்

படத்தில் மழை பெய்தது. தகரக் கூரையில் அது விழுகிற சத்தம் கேட்டது, வயலின் கேட்டது, தூரத்து ரயில்கூடக் கேட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு நின்ற பெண் வாயைத் திறந்து என்னவோ சொன்னாள். அது மட்டும் கேட்கவில்லை.

சௌந்திரம் ஸ்பீக்கர் வயரைக் கழற்றி மறுபடி சொருகிப் பார்த்தாள். குமாரபாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது; வாரம் முழுக்கத் தடதடக்கிற தெரு, மதியத்துக்குமேல் காது அடைத்துக்கொண்டதுபோல் கிடந்தது. அவள் புருஷன் ஆனந்தகுமார் சாமான்களை ஒவ்வொன்றாகச் சேலத்தில் வாங்கிவந்து, சோறு தண்ணி மறந்து தன் கையாலேயே பூட்டிய கம்ப்யூட்டர் அது. போன வருஷம் நூல் குடோனில் தீப்பிடித்தபோது உள்ளே மாட்டிக்கொண்டு செத்துப்போனான். கதவு சிக்கிக்கொண்டது என்றார்கள். அதைத் திறக்கப் போராடிய அவள் தம்பி சின்னுசாமிக்கு இரண்டு கையும் வெந்துபோயிற்று. அன்றிலிருந்து அவளுக்கு எல்லாமே தம்பிதான்.

"அந்தப் பொட்டி சரியாகாதுக்கா. எடைக்குப் போட்டுரலாம்" என்று அவன் பலதடவை சொல்லிவிட்டான். இன்று அவன் பவானிக்குப் போயிருந்தான். அவள், புருஷன் சாமான் வாங்கிய சேலத்துக் கடைக்குப் போன் போட்டாள்.

கடையிலிருந்த கிருத்திகா பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"பாட்டு வருது, பேச்சு மட்டும் வரலீங்களா? உங்ககிட்ட ரெண்டு ஸ்பீக்கர்தானுங்களே அக்கா. செட்டிங்ல ஆறு இருக்கறதாப் போட்டிருக்கும், பாருங்க. அப்படியிருந்தா பேச்செல்லாம் நடு ஸ்பீக்கருக்குப் போயிரும். அது இல்லாததால கேக்காது. ஸ்டீரியோன்னு மாத்துங்க."

"ஆறுன்னுதான் இருக்குது. தானா மாறியிருக்குமாங்க?"

"தானா மாறாதுங்க. யாராச்சும் மாத்தியிருப்பாங்க."

சௌந்திரம் மாற்றினாள். படத்தை ஓடவிட்டாள். குடைக்காரப் பெண் வாயைத் திறந்தாள்.

இருமல் வந்தது. ஆண் இருமல். பஞ்சுத் தூசி ஏறி, பதினோரு வருஷம் அவள் பக்கத்தில் படுத்து இருமிய இருமல்.

"சின்னு... கதவத் தெற சாமி."

படத்தை முன்னே தள்ளினாள். கோர்ட்டில் வக்கீல் கையை நீட்டினார். "புகை ஏறுது சின்னு." இன்னும் தள்ளினாள். கல்யாண மேடை. புரோகிதர் வாயசைத்தார். இரும்புக் கதவில் குத்து விழுந்தது. தொம். தொம். பிறகு இன்னொரு குரல், அவசரமே இல்லாமல்:

"சேலத்துக்குத் தனிக்குடித்தனம் கூட்டிட்டுப் போறீங்களா மாமா? எங்கக்கா எங்கூடத்தான் இருப்பா."

நாற்பது நாள் தம்பியின் அந்தக் கைகளுக்கு மருந்து பூசினாள். சோறு ஊட்டினாள். இரண்டு உள்ளங்கையிலும் குறுக்கே ஒரே கோடாக வெந்திருந்தது. தாழ்ப்பாள் கம்பியின் கனத்துக்கு. இழுத்துத் திறக்கப் போராடியவன் கை இல்லை. திறக்கவிடாமல் அசையாமல் பிடித்து நின்றவன் கை.

வாசலில் வண்டி நின்றது.

எழவேண்டும். முதலில் படத்தை நிறுத்தக் கை நீட்டினாள்.

"பேச்சு வந்துருச்சாக்கா?"

சின்னுசாமி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். அந்தக் குத்து அவனுக்கும் கேட்டது. பழகிய பாட்டைக் கேட்பவன்போலத் தலையைச் சாய்த்து நின்றான்.

"நாந்தான் மாத்தி வெச்சேன். நீ தாங்கமாட்டியேன்னு. நீ கோயிலுக்குப் போறப்பெல்லாம் நான் ஒருக்காக் கேப்பேன்."

கதவைச் சாத்தினான். தாழ் போட்டான். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். சத்தத்தைக் கூட்டினான்.

திரையில் மழை இல்லை, மேடை இல்லை. குடைக்காரப் பெண், வக்கீல், புரோகிதர், யார் யாரோ. நெருக்கியடித்து முன்னால் நின்றார்கள். உள்ளிருந்து கண்ணாடியைக் குத்தினார்கள். எல்லா வாயும் ஒன்றாகத் திறந்தன.

"சௌந்திரம்... கதவத் தெற."

ஸ்பீக்கர் வலை வழியே வெள்ளையாகப் புகை கசிந்தது. மேசையிலிருந்து வழிந்தது. தரையோடு ஊர்ந்து வந்து இருவரின் காலையும் மூடியது.

சின்னுசாமி படம் பார்த்துக்கொண்டிருந்தான்.