நுவாதாவின் வலக்கை

பிற்பகலில் கடலேற்ற மணி அடித்ததும் எங்கள் வேளச்சேரிக் குடியிருப்பின் வெள்ளக்கதவு இறங்கிவிடும். உள்ளே இருப்பவர் உள்ளே. வெளியே மாட்டிக்கொண்டவர் தண்ணீர் வடியும்வரை மேம்பாலத்தில். கதவருகே நின்ற காவலுருவின் பெயர் நுவாதா, அயர்லாந்துக்காரர்களின் பழைய போர்த்தெய்வம். வெறும் எந்திரக் காவலர்களை யார் வேண்டுமானாலும் சரிக்கட்ட முடிந்ததால், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தெய்வத்தின் கதையை ஏற்றிவிட்டார்கள். தெய்வம் தன் கதையின் சட்டத்தை மட்டும் மீறாது. குலுக்கலில் எங்களுக்கு இவர் விழுந்தார். ஆறு வருடம் வாட்டசாட்டமாக நின்றார். நாலாம் மாடிப் பெண்ணை யார் கொண்டுவந்து இறக்கிவிட்டது என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்கமாட்டார்.

சென்ற ஆவணியில் அவர் வலக்கை நடுங்குவதைக் குடியிருப்புக் குழுவில் போட்டவள் நான்தான். "நம்ம சாமிக்குக் கை நடுங்குதே, யாராச்சும் கவனிச்சீங்களா?" மத்தியானத்துக்குள் அது பக்கவாதமாகி, சாயங்காலம் குடிப்பழக்கமாகிவிட்டது. குடிப்பழக்கம் நான் சொன்னதில்லை, அது இரண்டாம் மாடி.

அவர் கதையை யாரும் படித்திருக்கவில்லை. போரில் கையை இழந்த அன்றே அரியணையையும் இழந்தவராம் நுவாதா. உடற்குறை உள்ளவன் தலைமையில் நிற்கக்கூடாது என்பது அவர்கள் சட்டம். குறை குழுவில் பதிவானதும் கதவுச் சாவியைச் செயலாளர் திருநாவுக்கரசிடம் நீட்டிவிட்டு, மின்னறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். எப்படி அடிபட்டது என்று செயலாளர் கேட்டபோது அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

அவர் இடத்தில் காவலுக்கு அதே கதையிலிருந்து பிரெஸ் வந்தான். கதையிலும் அவன்தான் அடுத்து வந்தானாம். பேரழகன், வாசலுக்கு வந்தவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்காதவன். நேற்று எங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண், சகாயம், நாலடி தூரத்தில் ஓடிவரும்போதே அவன் கதவை இறக்கிவிட்டான். கழுத்தளவு தண்ணீரில் மூன்று மணி நேரம் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். இன்று அனலாய்க் காய்ச்சல். அவள் மகள் போனில் சொன்னது: "தப்பு அம்மாமேலதான்க்கா. ஓடத் தெரியல அதுக்கு."

அதன்பின் உட்கார முடியவில்லை. மின்னறைக்குப் போனேன்.

"நடுக்கமெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா போட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். வந்துடுங்க."

அவர் கையைத் தூக்கிக் காட்டினார். வெள்ளி முழங்கை உள்நோக்கி வளைந்திருந்தது. "குறை இருக்கிறதம்மா. இல்லை என்று சொல்லி நான் நிற்க முடியாது."

அந்த வளைவு எனக்குத் தெரிந்ததுதான். ஆவணியில் ஒருநாள், பத்திரமாக உள்ளே வந்தபிறகு, ஸ்கூட்டரில் மறந்துவிட்ட மாவுத் தூக்கை எடுக்கத் திரும்பி ஓடினேன். நான் திரும்பி வரும்வரை, இறங்கிக்கொண்டிருந்த கதவை அந்தக் கையால் தாங்கியபடி நின்றார். கை எப்படி வளைந்தது என்று யாரும் கேட்பதற்குள், நடுங்குவதைப் பேச்சாக்கிவிட்டேன்.

"நீங்க ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"உங்கள் வீட்டு விஷயம் அல்லவா?" என்றார். பிறகு, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போல, "மாவு சிந்தாமல் மேலே போய்ச் சேர்ந்ததா?" என்று கேட்டார்.

"சேர்ந்துச்சு," என்றேன். மறுநாளே புளித்துப்போய்க் கொட்டியதை அவரிடம் சொல்லவில்லை.