பொன்ரியாக் கைமாறிய நேரம்

2009ஆம் ஆண்டு மே மாதம். இலங்கையில் யுத்தம் முடிந்துவிட்டதென்று தொலைக்காட்சி சொன்ன மூன்றாம் நாள், ரதி ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் மஃரூப்பின் அலுவலகத்துக்கு வந்தாள். வாகன விபத்துகளை விசாரிப்பது மஃரூப்பின் தொழில். அவருடைய உதவியாளர் கிளடிஸ் வாய் ஓயாதவள். அந்த வாரம் அவளுக்குக்கூட யாரிடமும் சுகம் விசாரிக்கப் பயமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"என்ரை மனிசனைப் பொலிஸ் பிடிச்சுப்போட்டுது," என்றாள் ரதி. "நாங்கள் வாங்கின பொன்ரியாக்காலை ஞாயிற்றுக்கிழமை ஒராளை அடிச்சுச் சாகடிச்சுப்போட்டாராம். அண்ணை, அந்தக் காரை நாங்கள் எடுத்ததே திங்கட்கிழமை."

இறந்தவர் நீக்கிலாப்பிள்ளை. யுத்தத்தை நிறுத்தச் சொல்லி நகரத்தில் நடந்த ஆர்ப்பாட்டத்துக்குப் போய்த் திரும்பி, மோர்னிங்சைட்டில் பஸ்ஸால் இறங்கி நடந்த மனிதர். இடித்த கார் நிற்கவில்லை. வீதியில் கிடந்த பெயின்ற் துணுக்கு ரதியின் கணவன் ஜெயரட்ணத்தின் காரோடு பொருந்தியது. காரின் முன்விளக்கும் புதிது. விற்பனைப் பில்லிலோ சனிக்கிழமைத் திகதி, கீழே ஜெயரட்ணத்தின் கையெழுத்து.

"பாராமலோ சைன் வைச்சவர்?" கிளடிஸுக்குப் பொறுக்கவில்லை.

"அண்டு விடியத்தான் எல்லாம் முடிஞ்சுதெண்டு செய்தி. அவரின்ரை தாய், சகோதரம் எல்லாம் அங்கை சண்டைக்கு உள்ளுக்கை. காட்டின இடத்திலை வைச்சிட்டார்." என்றாள் ரதி. "எங்கடை அகதிக் கேஸ் முடியேல்லை. குற்றவாளி எண்டு தீர்ப்பு வந்தா அவரைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

மஃரூப் எழுந்து கோட்டை மாட்டினார். மூவருமாக, அந்தக் காரை விற்ற செல்வரட்ணத்தின் பழைய கார்க் கடைக்குப் போனார்கள். முற்றத்தில் ஆறேழு பொன்ரியாக்குகள் நின்றன. அந்தப் பெயரில் கார் செய்வதையே நிறுத்தப்போவதாகக் கம்பனி ஏப்ரலில் அறிவித்த பிறகு ஒருவரும் அவற்றை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. செல்வரட்ணம் மட்டும் மலிவாக வாங்கிக் குவித்திருந்தார்.

"ஜெயரட்ணம் சனிக்கிழமைதான் காரை எடுத்தவன்," என்றார் அவர், ரதியின் முகத்தைப் பாராமல். "திங்கள் விக்ரோறியா நாள். லீவு. கடையே திறக்கேல்லை."

"நல்ல நேரம் பார்த்துத்தான் கார்த் திறப்புக் குடுக்கிறனீங்களாம்?" மஃரூப் சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டார்.

"பதினொரு வருசமாய் ராகுகாலத்திலை ஒரு கார் வெளியிலை போனதில்லை. நேரத்தைப் பில்லிலையே எழுதிவிடுவன். வேணுமெண்டா பாருங்கோ."

மஃரூப் பார்க்கத்தான் செய்தார். பில்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, சுவரில் தொங்கிய கலண்டரோடு ஒப்பிட்டார். ரொறன்ரோ நேரத்துக்குக் கணித்த தமிழ்க் கலண்டர் அது. கிளடிஸுக்கு விசர் வந்தது. ஐந்து நேரம் தொழுகிற மனிதருக்கு ராகுகாலத்தோடு என்ன கொண்டாட்டம்?

"கிளடிஸ், ஜெயரட்ணத்தின்ரை பில்லை வாசியுங்கோ."

"சனிக்கிழமை, மே 16. காலை ஒன்பதே முக்கால்."

"சனிக்கிழமை ராகுகாலம்?"

"ஒன்பதரையிலையிருந்து பதினொண்டு இருபது..." கிளடிஸ் நிறுத்தினாள்.

"திங்கட்கிழமை?"

"ஏழு நாப்பதிலையிருந்து ஒன்பதரை."

"எங்களைக் கேற்றடியிலை கன நேரம் காக்க வைச்சவர்," என்றாள் ரதி மெதுவாக.

மஃரூப் பில் புத்தகத்தை மூடினார். "இத்தனை பில்லிலை ராகுகாலத்துக்குள்ளை விழுந்தது இது ஒண்டுதான், செல்வரட்ணம் அண்ணை. ஏனெண்டா இது சனிக்கிழமைப் பில்லில்லை. திங்கட்கிழமை ராகுகாலம் போகுமட்டும் பார்த்து நிண்டு திறப்பைக் குடுத்தியள். நாளைப் பொய்யாய் எழுதின கை, நேரத்தைப் பழக்கத்திலை உண்மையாய் எழுதிப்போட்டுது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரை ஓடினது நீங்கள். விளக்கை மாத்தி, லீவெண்டும் பாராமல் அடுத்த நாளே தள்ளிவிட்டியள்."

செல்வரட்ணம் மறுக்க வாயெடுத்தார். பிறகு நாற்காலியில் இருந்துவிட்டார்.

"ஒரு உயிர் என்ரை கையாலை போட்டுது," என்றார். "இந்தப் பொடியனாவது நல்ல நேரத்திலை எடுத்துக்கொண்டு போகட்டும் எண்டு நினைச்சன்."

"நல்ல நேரமோ? வெக்கமில்லையோ உங்களுக்கு?" கிளடிஸ் மேசைக்குக் கிட்டப் போனாள். அடித்துவிடுவோமோ என்று அவளுக்கே பயமாயிருந்தது.

ரதி சத்தம் போடவில்லை. "அவரைத் திருப்பி அனுப்பினா, ஊரிலை இறங்கின இடத்திலையே ஆமிக்காரர் பிடிச்சுக்கொண்டு போயிடுவாங்கள். அது உங்களுக்குத் தெரியாதோ அண்ணை?"

கிளடிஸ் பொலிஸுக்கு நம்பரை அழுத்திக்கொண்டிருந்தாள். செல்வரட்ணம் மேசையைப் பார்த்தபடி இருந்தார்.

"தெரியும்," என்றார். "சைன் வைக்கேக்கை அந்தப் பொடியன் அதைத்தான் சொல்லி அழுதவன்."