இருபதில் ஒருத்தி

"ஐயோ...!"

நர்ஸ் ஊசியைக் குத்தியதும் குட்டி அலறிக்கொண்டு கண் விழித்தாள்.

"சிஸ்டர், மணி என்ன?"

"சாயங்காலம் ஆறு."

தூக்கிவாரிப் போட்டது! காலை பத்து மணிக்குப் புள்ளியியல் பரீட்சை. வகுப்பில் அவள்தான் முதலிடம். 'ஏ' வாங்கினால்தான் ஸ்காலர்ஷிப் நீடிக்கும். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

கட்டிலின் ஒரு பக்கம் அறைத்தோழி, அழுது சிவந்த மூக்குடன். மறுபக்கம் லேடி இன்ஸ்பெக்டர்.

"உன் ரத்தத்துல தூக்க மாத்திரை இருக்கும்மா. காலையில என்ன சாப்பிட்ட?"

"காபி மட்டும்தான் மேடம்..."

"யார் போட்டது?"

குட்டி தோழியைப் பார்த்தாள். தோழி தரையைப் பார்த்தாள்.

குட்டி விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். ஒரு வாரமாகத் தன் படிப்பைக்கூட ஒதுக்கிவிட்டு, சதவீதத்திலிருந்து ஆரம்பித்து எல்லாம் சொல்லிக்கொடுத்தாளே... இவளுக்கா!

"ஏன்டீ?"

"இருபது பேர்ல பத்து சதவீதத்துக்குத்தான் 'ஏ'. ரெண்டே ரெண்டு! நீ முதல், நம்ம கிளாஸ் லீடர் ரெண்டாவது. நான் எப்பவும் மூணுதான். நீ ஒருத்தி எழுதலைன்னா..."

"கூடப் பிறந்தவளா நினைச்சேனேடீ... பாவி!"

கதவு திறந்தது. பேராசிரியர்! கையில் மதிப்பெண் பட்டியல்.

"கவலைப்படாதேம்மா. எழுதாதவங்க பேரைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுவோம். டாக்டர் சர்டிபிகேட் குடு, அடுத்த வாரம் உனக்குத் தனிப் பரீட்சை. தொண்ணூறு எடுத்தா 'ஏ'. யாரோடயும் போட்டி கிடையாது."

குட்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மாட்டிக்கொண்ட பிறகும் தோழிக்கு ஆசை விடவில்லை.

"சார்... நான்?"

"ரெண்டாவது இடம்!"

தோழியின் கண்கள் மின்னின.

"ஆனா 'பி'தான்."

"ரெண்டு 'ஏ' உண்டே சார்!"

"இருபது பேர் எழுதினா ரெண்டு. இன்னிக்கு எழுதினது பத்தொன்பது பேர். பத்து சதவீதம்னா ஒண்ணு புள்ளி ஒன்பது. புள்ளிக்கு அப்புறம் வர்றதை வெட்டிடுவேன்னு முதல் நாளே சொன்னேனே! ஒரே ஒரு 'ஏ'. அது லீடருக்கு."

தோழி பேயறைந்தவள் போல நின்றாள். இன்ஸ்பெக்டர் அவள் கையைப் பிடித்தார்.

குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு வாரம் தொண்டை கிழியக் கத்தினேன் மேடம்... சதவீதம் மட்டும் இவ மண்டையில ஏறவே இல்ல!"