பதினோராவது தட்டு

"மார்ச் 4, செவ்வாய். கிதாரின் மேல்பலகையை மூன்று முறை தட்டினேன். நோட்டில் நான்கு ஓசை என்று எழுதிவிட்டேன். கவனக்குறைவு. தவறு என்னுடையதுதான்."

எந்தத் தவறையும் முதலில் தன் தலையில் போட்டுக்கொள்பவள் அவள். இசைக்கருவி பழுதுபார்க்கும் மாலை வகுப்பில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. கிதார் தாத்தா வாங்கியது, அத்தை வாசித்தது. அத்தை இருபது வயதில் இறந்தபின் அப்பா அதைப் பரணில் ஏற்றிவிட்டார். அவர் வெளியூர் போயிருந்த வாரம் பார்த்து, கேட்காமலே இறக்கிவிட்டாள். எட்டு வயதுத் தங்கைக்கு வாசிக்க ஆசை, அவளுக்காகத்தான்.

பழைய கிதாருக்குள் பலகையைத் தாங்கும் சட்டங்கள் பசை விட்டிருந்தால், விரல் முட்டியால் தட்டும்போதே ஓசையில் தெரிந்துவிடும். மறுநாள் வகுப்பில் எண்ணிக்கொண்டே தட்டினாள். நான்கு.

உள்ளிருந்து ஐந்து வந்தது.

மெதுவாக, நகத்தால் தட்டுவதுபோல.

பக்கத்து மேசைக்காரியை அழைத்தாள். எப்போதும் சட்டையெல்லாம் பசையோடு திரிவதால் வகுப்பில் அவள் பேரே 'பசை'. பசை தட்டினாள். வெறும் மர ஓசை.

"மரம் உன்கூட மட்டும் பேசுதாக்கும்? போ, போய்க் காதைக் குடைஞ்சுட்டு வா."

அப்படித்தான் இருக்கும் என்று அவளும் நினைத்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. வியாழக்கிழமை மாலை, வீட்டில், நோட்டில் கோடு போட்டு இரண்டு கட்டம் பிரித்தாள்: நான், அது.

ஐந்துக்கு ஆறு. ஆறுக்கு ஏழு. ஒவ்வொரு பதிலுக்கும் கிதாரின் நடுவிலுள்ள வட்ட வாயிலிருந்து தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் சிக்குவாடை அடித்தது. பத்துக்குப் பதினொன்று வந்தபோது அவள் கை மணிக்கட்டுவரை சில்லிட்டுவிட்டது.

கைப்பேசி அடித்தது. அப்பா. எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

"பரண்ல இருந்தத இறக்கிட்டியாமே? அம்மா இப்பதான் சொன்னா."

"ரிப்பேர் பண்ணத்தான்பா. ஆனா... உள்ளேர்ந்து ஏதோ தட்டுது."

அவர் குரல் ரகசியம்போல இறங்கியது.

"எத்தனை வரைக்கும் போன?"

"பத்து. அது பதினொண்ணு."

"போதும்மா, நிறுத்திடு. உங்க அத்தை பதினொண்ணு தட்டினா. அப்புறம் அது தட்டல."

"அத்தை?"

"பேச்சே இல்ல. பேர் சொல்லிக் கூப்பிட்டாக்கூடத் திரும்பல. மூணாம் நாள் போயிட்டா."

"அப்பவே அத உடைச்சுப் போட்டிருக்கலாமேப்பா!"

"உள்ள யார் இருக்கான்னு தெரியாம எப்படிம்மா உடைப்பேன்?"

அறைக்குள்ளிருந்து தங்கையின் குரல் உற்சாகமாக வந்தது.

"அக்கா, பத்தோட விட்டுட்டியே, சோம்பேறி! மிச்சத்த நான் முடிக்கிறேன்!"

டக்.

டக். டக்.

"தட்டாதடீ!" கைப்பேசியைப் போட்டுவிட்டு ஓடினாள். கூடத்தைத் தாண்டும்போது ஏழு. கதவைத் தள்ளும்போது பத்து.

டக்.

தங்கை கட்டிலில் கிதாரை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் விரித்த நோட்டு. விரல் முட்டி இன்னும் பலகைமேல் இருந்தது.

உள்ளிருந்து பதில் வரவில்லை.

"பாப்பா."

அவள் திரும்பவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினாள். கண் திறந்தே இருந்தது; சுவரைப் பார்த்தபடி இருந்தது. மூக்கின் கீழ் விரல் வைத்தாள். மூச்சு வந்தது, ஆனால் அதில் சூடு இல்லை.

சட்டங்களைப் பார்க்க வைத்திருந்த குச்சிக் கண்ணாடி மேசையில் கிடந்தது. ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. அதைக் கிதாரின் வாய்க்குள் விட்டு, சற்றுப் பொறுத்து வெளியே எடுத்தாள்.

கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது.

இரண்டு வட்டம்.

ஒன்று பெரியது. ஒன்று சின்னது.

அன்று நோட்டில் அவள் எழுதியது இவ்வளவுதான்:

"மார்ச் 6, வியாழன். நாளை காலை முதல் வேலை: பின்பலகையைச் சூடுகாட்டித் திறக்க வேண்டும். மெல்லிய கத்தி போதும். நுனி ஒரு நகத்தளவுக்குமேல் உள்ளே போகக்கூடாது. பாப்பா எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறாள் என்று தெரியவில்லை."